சாண்ட்விச்சும் இருமடியாகுபெயரும்

ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர் 'கார் அறுத்தான்' என்னும் தொடரைக் காட்டாமல் விடுவதில்லை. கருமையின் பெயர் முகிலுக்கும், முகிலின் பெயர் மழைப் பருவத்துக்கும், பருவத்தின் பெயர் அப்போது விளையும் நெல்லுக்கும் ஆகி வந்தமையின் அது மும்மடியாகுபெயர். கதிர் அறுப்பவன் கருமையை எண்ணுவதில்லை. ரொட்டித் துண்டுகளுக்கிடையே இறைச்சியோ காயோ வைத்து உண்பவரும் 'சாண்ட்விச்' ஓர் ஊர் என்பதை எண்ணுவதில்லை.

அவ்வூர் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் ஸ்டவர் ஆற்றங்கரையில் உள்ளது. மணற்பாங்கான வணிகத்துறை என்பது பெயரின் பொருள். இடைக்காலத்தில் சிறந்து விளங்கிய இத்துறைமுகம், ஆறு தூர்ந்தமையால் கடலை இழந்தது. இன்று கடல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கொற்கையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் சார்லஸ் மன்னரைக் கப்பலில் நாட்டுக்கு அழைத்துவந்த எட்வர்ட் மாண்டகு 1660இல் 'சாண்ட்விச் பிரபு' ஆனார். அக்குடும்பத்தின் மாளிகையோ அவ்வூரில் இல்லை; ஹண்டிங்டனை அடுத்த ஹிஞ்சிங்புரூக்கில் இருந்தது. எனினும் ஊரின் பெயர் ஆளுக்கு ஆகி, பின் அவர் வழிவந்த நான்காம் பிரபு ஜான் மாண்டகுவிடமிருந்து (1718-1792) உணவுக்கும் ஆயிற்று. முன்னது இடவாகுபெயர், பின்னது கருத்தாவாகுபெயர்.

அமைச்சர் ஒருவர் 24 மணிநேரம் சூதாட்ட மேசையை விட்டெழாமல் ரொட்டிக்கிடையே மாட்டிறைச்சியை வைத்து உண்டார் என்னும் கதை, பிரெஞ்சுப் பயணி குரோஸ்லியின் 1770ஆம் ஆண்டு நூலில் காணப்படுகிறது. ஆயின் வரலாற்றாசிரியர் கிப்பன் 1762 நவம்பர் 24ஆம் நாள் குறிப்பிலேயே, லண்டன் விடுதியொன்றில் பெருமக்கள் 'சாண்ட்விச்' உண்டதை எழுதிவிட்டார். கடற்படைத் துறையை மும்முறை ஏற்று நடத்திய அப்பிரபு அலுவலில் மூழ்கியவர். ஆதலின் அவர் அவ்வாறு உண்டது எழுதுமேசையிலேயே ஆகலாம் என்பது அவர் வரலாற்றை 1993இல் வெளியிட்ட ராட்ஜரின் கருத்து. அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. உழைப்பைவிடச் சூது சுவையான கதையாதலின், உலகம் அதனையே பற்றிக்கொண்டது.

பெயர் ரொட்டியோடு நிற்கவில்லை. தம் பயணங்களுக்குத் துணைநின்ற பிரபுவின் பெயரை மாலுமி குக் 1775இல் தென் அட்லாண்டிக் தீவுக்கூட்டம் ஒன்றுக்கும், 1778இல் பசிபிக் தீவுக்கூட்டம் ஒன்றுக்கும் இட்டார். பின்னதில் மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தனர். ஒவ்வொரு தீவுக்கும் அவர்கள் மொழியில் பெயரிருந்தது. இருந்தும் 19ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் அயலார் வரைபடங்களில் அவை 'சாண்ட்விச் தீவுகள்' என்றே வழங்கின. 1810இல் அத்தீவுகளை ஓராட்சிக்குள் கொணர்ந்த முதலாம் கமேஹாமேஹா பிறந்த தீவு ஹவாய். அவற்றுள் பெரிதான அத்தீவின் பெயரே கூட்டம் முழுமைக்கும் ஆகி நிலைத்தது. உறுப்பின் பெயர் முதலுக்கு ஆவது சினையாகுபெயர். பிரபுவின் ஆகுபெயரைத் தீவினரின் ஆகுபெயர் வென்றது எனலாம்.

தெற்கே உள்ள கூட்டம் இன்றும் 'தென் சாண்ட்விச் தீவுகள்'தான். எரிமலையும் பனியும் பென்குவின் பறவைகளும் நிறைந்த அங்கே குடிமக்கள் எவருமில்லை.