மாய எதார்த்தமும் ஆப்பிரிக்க அரசியல் நாவலும்

மாய எதார்த்தம் என்பது, இயல்புக்கு மீறிய நிகழ்ச்சிகளை வியப்போ விளக்கமோ இன்றி, அன்றாட நடப்புகளைச் சொல்லும் அதே தொனியில் சொல்லிச் செல்லும் கதைகூறல் முறையாகும். ஜெர்மானியத் திறனாய்வாளர் ஃபிரான்ஸ் ரோ 1925இல் ஓவியம் குறித்து வழங்கிய இச்சொல், பின்னர் இலத்தீன் அமெரிக்க நாவல்களின் வழியே உலகெங்கும் பரவியது. எனினும் ஆப்பிரிக்காவில் இம்முறையின் வேர் வாய்மொழி மரபில் உள்ளது. நைஜீரிய எழுத்தாளர் ஃபகுன்வா 1938இல் யொரூபா மொழியில் வெளியிட்ட நாவலிலேயே மனிதரும் ஆவிகளும் ஒரே காட்டில் நடமாடுகின்றனர்.

விடுதலைக்குப் பின் பல நாடுகளில் ஒற்றைக் கட்சி ஆட்சியும் ராணுவ ஆட்சியும் வேரூன்றியபோது, இம்மரபு அரசியல் எதிர்ப்பின் கருவியாயிற்று. தேசத்தின் தந்தை என்றும் வாழ்நாள் அதிபர் என்றும் தம்மைப் போற்றச் செய்த ஆட்சியாளர்கள் தம்மைச் சுற்றி ஒரு புராணத்தையே கட்டியிருந்தமையால், அதை மேலும் ஊதிப் பெருக்கி உடைத்துக் காட்டுவது எழுத்தாளர்களின் உத்தியாக அமைந்தது. காங்கோ எழுத்தாளர் சோனி லபூ தான்சி 1979இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலில், சர்வாதிகாரி எத்தனை முறை வெட்டியும் சுட்டும் எதிர்ப்பாளன் மார்சியல் சாக மறுக்கிறான். 1991இல் புக்கர் பரிசு பெற்ற பென் ஓக்ரியின் நாவலில், இறந்து இறந்து அதே தாய்க்குப் பிறப்பதாக யொரூபா மக்கள் நம்பும் 'அபிக்கு' குழந்தை, நிலைபெற முடியாமல் தவிக்கும் நைஜீரியாவுக்கும் குறியீடாகிறது. அந்நாவலில் பணக்காரர் கட்சி வாக்குக்காக வழங்கும் பால்மாவு, உண்டவர்களை நோயில் தள்ளுகிறது.

கென்யாவின் கூகி வா தியாங்கோ, 1978இல் காமிதிச் சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கிக்கூயு மொழியில் ஒரு நாவல் எழுதியவர். 2006இல் ஆங்கிலத்தில் வந்த அவரது பெருநாவலில், விண்ணை முட்டும் கோபுரம் எழுப்ப வெளிநாட்டு வங்கியிடம் கடன் கேட்டுக் காத்திருக்கும் ஆட்சியாளரின் உடல், மருத்துவர்களுக்கும் காரணம் விளங்காமல் ஊதிக்கொண்டே போகிறது.

இலத்தீன் அமெரிக்காவைச் சார்ந்த 'மாய எதார்த்தம்' என்னும் பெயர், ஆப்பிரிக்க மக்கள் மெய்யென்றே கொள்ளும் ஆவியுலகை மாயமாகக் குறுக்கிவிடுகிறது என்ற மறுப்பும் உண்டு. எப்பெயரிட்டு அழைத்தாலும், இவ்வகைப் புனைவின் அரசியல் வலிமைக்கு, விடுதலைப் போராளி ஒருவன் உண்மையையும் நீதியையும் தேடி நாடெங்கும் அலைவதைச் சொல்லும் கூகியின் 'மாத்திகாரி' சான்றாகும். 1986இல் அது கிக்கூயு மொழியில் வெளிவந்தபின், அப்பெயருடைய ஒருவன் மக்களைத் தூண்டித் திரிவதாக எண்ணி அவனைக் கைது செய்ய ஆணை பிறந்ததாகக் கூகி எழுதியுள்ளார். அவன் கதைமாந்தன் என்று தெரிந்தபின், 1987 பிப்ரவரியில் காவல்துறை கடைகளிலிருந்த பிரதிகளைக் கைப்பற்றியது.