பீஸ் ரேட்டும் பாட்டின் உரிமையும்

அஜித்குமார் நடித்து 2025 ஏப்ரல் 10 அன்று வெளியான ‘குட் பேட் அக்லி’ படத்தில், இளையராஜா இசையமைத்த மூன்று பழைய பாடல்கள் எடுத்தாளப்பட்டிருந்தன. ‘சகலகலா வல்லவன்’ (1982), ‘விக்ரம்’ (1986), ‘நாட்டுப்புறப் பாட்டு’ (1996) ஆகிய படங்களைச் சேர்ந்த அப்பாடல்களுக்கு உரிமை பெற்றவர்களிடமே அனுமதி வாங்கியதாகத் தயாரிப்பு நிறுவனம் கூற, தம்மிடம் எவரும் கேட்கவில்லை என்று இசையமைப்பாளர் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததை அடுத்து, நெட்ஃபிளிக்ஸ் தளத்திலிருந்து விலக்கப்பட்ட அப்படம் அப்பாடல்கள் நீக்கப்பட்ட வடிவிலேயே மீண்டும் ஏறியது.   

இந்தச் செய்தியைத் திருப்பூரின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பதற்குக் காரணம் உண்டு. 1920களில் பனியன் பின்னத் தொடங்கிய அவ்வூர், 1970களின் இறுதியில் ஐரோப்பியக் கொள்முதலாளர்களின் வருகையால் ஏற்றுமதி நகரமாக மாறத் தொடங்கியது. 1976இல் வெளியான ‘அன்னக்கிளி’யோடு அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள் கேசட்டில் ஏறித் தமிழகமெங்கும் பரவியதும் அதே காலம்தான். திருப்பூரில் ‘பவர் டேபிள்’ என வழங்கும் தையல் பிரிவில், ஓவர்லாக் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி பாட்டு ஒலிப்பது அவ்வூரின் வழக்கம். எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்தபின் இன்னும் அரை ஷிப்ட் சேர்த்து ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்க்கும் டெய்லருக்கும் செக்கிங் செய்யும் பெண்ணுக்கும் அது உழைப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. தொழிற்கூடத்தில் ஒலிக்கும் பாட்டுக்கு உரிமம் வேண்டுமா என்னும் கேள்வி இங்கிலாந்தில் 1943இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. தொழிலாளர் மட்டுமே கேட்டாலும் அது பொது நிகழ்த்துகையே என்று அங்கே தீர்ப்பாயிற்று.

பாட்டை ஆக்கியவரின் நிலையும் அதைக் கேட்டபடி தைத்தவரின் நிலையும் சட்டத்தின் கண்ணில் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தன என்பதுதான் இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. தைக்கும் உருப்படியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி கொடுப்பது பீஸ் ரேட் முறை. கூலி கைக்கு வந்தபின் அந்தச் சட்டை எந்த நாட்டில் என்ன விலைக்குப் போனாலும் தைத்தவருக்கு அதில் பாத்தியதை இல்லை. விலைவாசிக்கேற்ப உயரும் பஞ்சப்படிக்காக 1984இல் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதுகூட, அவர்கள் கேட்டது கூலியின் உயர்வையே தவிர உருப்படியின் மீதான பங்கை அன்று. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் காண்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் பரவினவே ஒழியக் குறையவில்லை.

திரையிசைக்கும் இதே கணக்கைத்தான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வைத்திருந்தது. கூலி பெற்றுக்கொண்டு பிறருக்காக ஆக்கப்படும் படைப்பின் முதல் உரிமையாளர் யார் என்பதை வரையறுக்கும் அதன் 17ஆம் பிரிவை வைத்து, இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் 1969இல் தோன்றிய இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்பட அமைப்புக்கும் இடையே எழுந்த வழக்கில், 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படத்திற்கென்று பணம் கொடுத்து இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அந்த இசையின் முதல் உரிமையாளர் என்றது அது. அதே தீர்ப்பில் தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடுபவருக்கு இந்தியச் சட்டத்தில் உரிமையே இல்லாதிருப்பதைச் சுட்டிக்காட்டி வருந்தினார். கேரளத்துப் பொதுவாழ்விலிருந்து வந்த அவருடைய அந்தச் சில பத்திகள், முழுத் தீர்ப்பைக் காட்டிலும் நீண்ட ஆயுள் கொண்டவை; பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துநர்களுக்கான தனி உரிமை சட்டத்தில் இடம்பெற 1994ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நிலைமையைப் பெரிதும் மாற்றியது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வலுவாக ஆதரித்துப் பேசிய அத்திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த பிற பயன்பாடுகள் அனைத்திலும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சமமான உரிமைத்தொகைப் பங்கு உண்டு; வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி அந்தப் பங்கை வேறெவருக்கும் எழுதிக்கொடுத்துவிடவும் முடியாது. அதாவது, பாட்டு பீஸ் ரேட்டிலிருந்து ஓரளவு விடுபட்டது. இது நியாயமான மாற்றம். படத்திலிருந்து தமக்குப் பிடித்த பாட்டு போய்விட்டதே என்று வருந்தும் ரசிகர் அந்த வருத்தத்தை இசையமைப்பாளரின் மீது சுமத்துவது, அரை நூற்றாண்டுக் கணக்கை மறந்து பேசுவதாகும்.

ஆயினும் கேட்பவரின் இழப்பும் மெய்யானதே. கேசட்டில் வாங்கிய பாட்டு வாங்கியவரின் பொருளாக இருந்தது. நாடா சிக்கினால் பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சரிசெய்து, தேயும்வரை ஓட்டலாம், எந்த வழக்கும் அதை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லாது. இணையத் தளத்தில் கிடைப்பதோ உரிமம் உள்ளவரை கேட்பதற்கான அனுமதி மட்டுமே. அந்தக் கேசட்டுக் காலத்து ஒப்பந்தங்களே இன்றைய வழக்குகளின் வேராகவும் அமைந்துள்ளன: 4,500க்கும் மேற்பட்ட பாடல்கள் குறித்து இளையராஜாவுக்கும் எக்கோ உள்ளிட்ட ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் இடையிலான பிணக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நீண்டது. ‘குட் பேட் அக்லி’ வழக்கின் இடைக்காலத் தடை இறுதித் தீர்ப்பு அன்று. 1982இலும் 1986இலும் தயாரிப்பாளருக்கும் இசையமைப்பாளருக்கும் இடையே எழுத்தில் இருந்தது என்ன, எழுதப்படாத இடத்தில் 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு எவ்வளவு செல்லும், 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தனக்கு முந்திய பாடல்களை எட்டுமா என்னும் கேள்விகளுக்கு, அக்காலத்துத் தாள்களைப் பிரித்துவைத்துத்தான் நீதிமன்றங்கள் விடை காண வேண்டியிருக்கிறது.