ஆஸ் ஜோடியைக் கவிழ்ப்பது எப்போது?

2001-ஆம் ஆண்டு மே மாதம். லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலக போக்கர் தொடரின் தலைமைப் போட்டி. ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி அமர்ந்த 613 பேரில் இருவரே எஞ்சியிருந்தனர். ஒருவர் ஈக்வடாரில் பிறந்து ஸ்பெயினில் வாழ்ந்த கார்லோஸ் மார்டென்சன். மற்றவர் டூயி டாம்கோ; முன்னாளில் மழலையர் பள்ளி ஆசிரியர். 1982-இலும் இதே போட்டியில் இறுதிவரை வந்து ஜாக் ஸ்ட்ராஸிடம் தோற்றவர்.

டெக்சஸ் ஹோல்டெம் என்னும் இவ்வாட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மறைசீட்டுகள். நடுவில் எல்லார்க்கும் பொதுவாக ஐந்து. அவற்றுள் மூன்று முதலில் ஒருசேரத் திறக்கப்படும். அம்மூன்றினும் உயர்ந்த ஜோடி கையிலிருந்தால் அதற்கு 'ஓவர்பேர்' என்று பெயர். அன்று டாம்கோவின் கையில் இரண்டு ஆஸ். 221 முறைக்கு ஒருமுறையே வாய்க்கும் கை. நடுவில் ஜாக், பத்து, மூன்று. மார்டென்சனிடம் கிளாவர் ராஜாவும் ராணியும். திறந்தவற்றிலும் இரண்டு கிளாவர். பந்தயம் ஏறி, அந்நிலையிலேயே சில்லுகள் முழுதும் நடுவே சென்றன. நான்காம் சீட்டு மூன்று. ஐந்தாவது ஒன்பது. ஒன்பது முதல் ராஜா வரை வரிசை சேர்ந்துவிட்டது. பதினைந்து லட்சம் டாலர் பரிசு மார்டென்சனுக்கு. டாம்கோ மீண்டும் இரண்டாமிடம்.

டாம்கோ கவிழ்த்திருக்க வேண்டுமா? எதிராளிக்கு உதவக்கூடியவை ஒன்பது கிளாவர். அவை நீங்கலாக மூன்று ஒன்பதுகள், ஓர் ஆஸ். ஆகப் பதின்மூன்று. காணாத 45 சீட்டுகளில் இரண்டு வரவிருக்கையில் இது ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பு. ஆனால் அது இரு கைகளையும் பார்த்துவிட்ட நமது கணக்கு. டாம்கோ அறிந்தது தம் கையையும் மூன்று சீட்டுகளையும் மட்டுமே. இருவர் மட்டும் ஆடும்போது எதிராளி ஒற்றை ஜாக்கோடும் துணிந்து பந்தயம் உயர்த்துவார். வெறும் மிரட்டலாகவும் உயர்த்துவார். அத்தகைய மேசையில் ஆஸ் ஜோடியைக் கவிழ்ப்பது பிழை. டாம்கோ தோற்றார், தவறவில்லை.

கவிழ்க்க வேண்டிய தருணம் வேறு. பலர் ஆட்டத்தில் இருக்க, எல்லாரிடமும் சில்லுகள் குவிந்திருக்க, எப்போதும் அடங்கி ஆடும் ஒருவர் திடீரெனப் பந்தயத்தை உயர்த்தி, மறுபடியும் உயர்த்துகிறார் எனில் அதற்குப் பொருள் உண்டு. சிறு ஜோடியோடு வந்தவருக்கு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு முதல் திறப்பிலேயே கிடைப்பது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒருமுறை. கிடைத்துவிட்டால், ஆஸ் ஜோடி மீள்வதற்குரிய வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெரிய ஜோடி சிறு தொகையை வெல்லும், பெருந்தொகையை இழக்கும் என்று மேசையில் பழகியோர் சொல்வது இதனால்தான். பந்தயத்துக்கு வரம்பு வைத்த ஆட்டத்தில் இப்பிழையின் விலை சில சில்லுகள். 1970-இல் பென்னி பினியன் தொடங்கிய இத்தொடரின் தலைமைப் போட்டியிலோ வரம்பில்லை. ஒரு பிழைக்கு விலை முழுக்கையிருப்பு.

ஆகவே கவிழ்ப்பதா என்ற கேள்விக்கு விடை நம் கையிலுள்ள சீட்டில் இல்லை. முதலில் உயர்ந்ததாக இருந்த ஜோடி, மூன்று சீட்டு திறந்தபின் தன் பெயரை மட்டுமே காத்துக்கொள்கிறது. மதிப்பை எதிரே இருப்பவரின் இயல்பு தீர்மானிக்கிறது. அரிதாகக் கிட்டியது என்பதற்காகவே ஒன்றைப் பற்றிக்கொண்டிருப்பவரிடமிருந்துதான் அம்மேசை அதிகம் வசூலித்திருக்கிறது. முடிவைக் கொண்டு தீர்மானத்தை எடைபோடுவது மற்றொரு மயக்கம். கடைசியில் வந்த ஒன்பது, டாம்கோவைத் தோற்கடித்தது. அவரது தீர்மானத்தைத் தவறாக்கவில்லை.