பொன்னிழை உறையில் ஒரு மடல்

திருச்சிராப்பள்ளியில் இயங்கிய பிரீமேசன் சகோதர சபையில், 1770களில், ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலியின் மூத்த மைந்தர் உம்ததுல் உமரா உறுப்பினரானார். செய்தியறிந்த இங்கிலாந்துத் தலைமைச் சபை வாழ்த்து மடலும், அணிசெய்த சபைச் சின்ன ஆடையும், சட்ட நூலும் அனுப்பிற்று. பார்சி மொழியில் அவர் வரைந்த மறுமொழி, பொன்னிழைத் துகிலுறையில் 1780இல் அங்குச் சேர்ந்தது. அதனை மொழிபெயர்த்து, மூலத்துடன் கண்ணாடிச் சட்டமிட்டு மன்றத்தில் மாட்டுமாறு அச்சபை தீர்மானித்தது.

1795 முதல் 1801 வரை கருநாடக நவாபாக விளங்கியவரின் வாழ்வில் இப்பக்கத்தை நாம் அறிவது, அச்சபையின் ஆவணப் பற்றினாலன்றோ?

நம் ஊர்ச் சங்கங்களின் ஏடுகளோ பரண்களில் கறையானுக்கு இரையாகின்றன. நிர்வாகிகள் மாறுங்கால் பெட்டிச் சாவி கைமாறுகிறது. பழைய குறிப்பேடுகள் கைமாறுவதில்லை. வரவு செலவுக் கணக்கும் தீர்மானமும் கடிதமும் நாளைய வரலாற்றின் சான்றுகள். ஈரம் அணுகா இடத்தில் வைத்து, பட்டியலிட்டு, படியெடுத்துக் காப்போமாக!