எண்ணப்படாத ஊசிக்குத்து: விழுப்புரம், திண்டிவனம் வட்டார அறுவை அரங்குப் பணியாளரின் தொழில்சார் உடல்நலம்

முன்னுரை

மருத்துவமனையில் எண்ணிக்கை மிகுதியாக நடக்கும் இடம் அறுவை அரங்கு. வயிற்றைத் தைத்து மூடுமுன் துணிகள் எத்தனை, கருவிகள் எத்தனை, ஊசிகள் எத்தனை என்று ஸ்க்ரப் நர்ஸும் சர்குலேட்டிங் நர்ஸும் வாய்விட்டு எண்ணிச் சரிபார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின் 19 அம்சங்களில் இந்த எண்ணிக்கையும் ஒன்று. அந்தப் பட்டியல் நோயாளிகளின் உயிரைக் காத்திருக்கிறது; அதன் அருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எண்ணப்படும் அந்த ஊசி யாருடைய விரலிலாவது ஏறியதா என்று பத்தொன்பதில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. ஊசி நோயாளியின் உடலுக்குள் தங்கிவிடவில்லை என்று உறுதியானதும் கணக்கு முடிந்துவிடுகிறது.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் அறுவை அரங்குப் பணியாளரின் உடல்நலம் கவனிப்பாரின்றிக் கிடப்பதற்கு, நேரும் தீங்கு பதிவாகாமல் போவதே அடிப்படைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆபத்துகள் எவை, அவற்றைத் தடுப்பது எப்படி என்பவை நெடுங்காலமாகத் தெரிந்தவை. பதிவு இல்லாததால் உரிய நேரத்தில் மருந்து கிடைப்பதில்லை. பின்னாளில் இழப்பீடு கேட்கச் சான்று இருப்பதில்லை. அடுத்தவருக்கு அதே தீங்கு நேராமல் தடுக்க நிர்வாகத்துக்கு நெருக்கடியும் இல்லை. இங்கே பணியாளர் என்பது சர்ஜனையும் மயக்க மருத்துவரையும் மட்டும் குறிப்பதன்று. நர்ஸ், ஓ.டி. டெக்னீஷியன், தியேட்டர் அசிஸ்டென்ட், ஆட்டோகிளேவ் பார்ப்பவர், கேஸ் முடிந்ததும் தரையைக் கழுவும் தூய்மைப் பணியாளர் ஆகிய எல்லாரையும் குறிப்பது. வரிசையில் கீழே செல்லச் செல்லப் பாதுகாப்பு குறைகிறது. பதிவு அதைவிட வேகமாகக் குறைகிறது.

களம்: நெடுஞ்சாலையும் பிரசவமும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் கிளைவிட்டு, விக்கிரவாண்டியைக் கடந்து விழுப்புரத்தை அடைகிறது. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் இதே வழியிலுள்ள முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. திண்டிவனம் அரசு மருத்துவமனையும் இரு நகரங்களின் தனியார் நர்சிங் ஹோம்களும் இச்சாலையின் விபத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டதும் திண்டிவனத்துக்கு வடக்கே, இதே நெடுஞ்சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான். மக்களுக்கு அது பெரும் நன்மை. அந்த 48 மணி நேரத்துக்குள் எலும்பைச் சேர்ப்பதும் இரத்தப்போக்கை நிறுத்துவதும் இரவு டியூட்டியில் இருக்கும் தியேட்டர் குழுவின் உழைப்பு.

இரண்டாவது சுமை பிரசவம். தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவங்களின் பங்கு 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் 34.1 விழுக்காடு, 2019–21 ஆய்வில் 44.9 விழுக்காடு. இந்திய அளவில் அது 21.5 விழுக்காடுதான். சிசேரியன் மிகுந்துவிட்டதைத் தாயின் நலன் நோக்கிலும் செலவின் நோக்கிலும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு சிசேரியனும் இன்னொரு முறை கத்தியும் ஊசியும் கைமாறுவது, இன்னொரு முறை திசுவைச் சுட்டு இரத்தத்தை நிறுத்தும் காட்டரி புகைவது, இன்னொரு மணி நேரம் நிற்பது என்ற பணியாளர் நோக்கு அவ்விவாதத்தில் இடம்பெறவில்லை. விபத்தும் பிரசவமும் நேரம் பார்த்து வருவன அல்ல. ஆகவே இவ்வட்டாரத்தின் தியேட்டர் பணி, இயல்பிலேயே இரவுப் பணியும் அவசரப் பணியுமாகும். அவசரத்தில்தான் கை தவறுகிறது.

உடலுக்கு நேர்வன

முதல் ஆபத்து ஊசிக்குத்து. நோய்த்தொற்றுள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியே ஆக வேண்டும், 28 நாள் தொடர வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆறு மாதங்களில் மூன்று தவணையாகப் போடப்படுகிறது. இடையில் ஒப்பந்ததாரர் மாறி, தூய்மைப் பணியாளரும் மாறினால் மூன்றாம் தவணை யார் பொறுப்பு என்பது கேள்வியாகவே நின்றுவிடும். எந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறதோ அந்த நோயால் ஒரு பணியாளர் கல்லீரல் கெட்டு மடிவதை விதி என்று சொல்லக் கூடாது. அது நிர்வாகத்தின் தவறு.

தியேட்டரின் ஊசிக்குத்து வார்டின் ஊசிக்குத்திலிருந்து வேறுபட்டது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டம் வந்தது. 87 மருத்துவமனைகளின் 1993–2006 பதிவுகளை ஆராய்ந்த ஜேனின் ஜாகரும் அவர் குழுவினரும், சட்டத்துக்குப் பின் அறுவை அரங்குக்கு வெளியே காயங்கள் 31.6 விழுக்காடு குறைந்ததையும், அரங்குக்குள் 6.5 விழுக்காடு கூடியதையும் கண்டார்கள். பாதுகாப்பு மூடியுள்ள சிரிஞ்ச் வார்டில் பயன்பட்டது. தையல் ஊசியும் கத்தியும் கைக்குக் கை மாறும் மேசையில் அதற்கு வேலை இல்லை. அரங்குக்கென்று தனித் தடுப்பு முறைகள் உண்டு. இரட்டைக் கையுறை, உள் கையுறையில் விழும் ஓட்டைகளை ஏறக்குறைய 70 விழுக்காடு குறைக்கிறது. மழுங்கிய முனைத் தையல் ஊசி, கையுறை கிழிவதைப் பாதிக்கு மேல் குறைக்கிறது. கூரிய கருவிகளை நேரே கையில் கொடுக்காமல் ஒரு தட்டில் வைத்து எடுக்கச் செய்வது செலவே இல்லாத முறை.

இரண்டாவது, மூச்சுக்குள் போகும் காற்று. மயக்க வாயு கசியும் அறையில் நாள்தோறும் பணிபுரிவோர் பற்றி 1967இல் சோவியத் மருத்துவர் வைஸ்மன் வெளியிட்ட ஆய்வு உலகின் கண்ணைத் திறந்தது: மயக்க மருத்துவத்தில் பணியாற்றிய பெண்களின் 31 கருவுறுதல்களில் 18 கருச்சிதைவில் முடிந்திருந்தன. அவ்வாய்வின் முறை பின்னர் விமர்சிக்கப்பட்டாலும், அது எழுப்பிய அச்சம் நடவடிக்கைக்கு வழிவகுத்தது. 1977இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், நைட்ரஸ் ஆக்சைடுக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு என்று வரம்பு பரிந்துரைத்தது. கசியும் வாயுவை வெளியே இழுத்துவிடும் அமைப்பு இருந்தால்தான் அந்த வரம்புக்குப் பொருள் உண்டு. சிறு நர்சிங் ஹோம்களில் தியேட்டரைக் குளிர்விப்பது பெரும்பாலும் ஸ்பிளிட் ஏ.சி.; அது உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுமேயன்றி வெளிக்காற்றைக் கொண்டுவராது. மயக்க வாயுவும், பென்சீன், ஃபார்மால்டிஹைடு கலந்த காட்டரிப் புகையும் அங்கேயே சுற்றுகின்றன. கிருமி நீக்கத்துக்கு ஃபார்மலின் புகை போடும் பழக்கம் இருக்கும் இடத்தில் சுமை இன்னும் கூடுகிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. மறுநாள் காலை கதவைத் திறந்து முதலில் உள்ளே போகிறவர் சர்ஜன் அல்லர்.

மூன்றாவது கதிர்வீச்சு. நெடுஞ்சாலை விபத்தில் முறிந்த தொடை எலும்பைச் சேர்க்க, எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவி வேண்டும். பல கிலோ எடையுள்ள லெட் ஏப்ரனை அணிந்தபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கதிர் அளவை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் ரேடியோகிராஃபர் சட்டையில் இருக்கும். காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கருவிக்கு மிக அருகில் நிற்கும் அசிஸ்டென்டுக்கும் அது கிடைக்கிறதா என்பதே பாதுகாப்பின் அளவுகோல். இந்தியாவில் கதிர்ப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு விதித்திருக்கிறது. தியேட்டரின் ஆபத்துகளில் ஆளாளுக்கு அளந்து ஏட்டில் ஏற்றப்படுவது கதிர்வீச்சு ஒன்றே. வரம்பு மீறினால் கேள்வி எழுவதும் அதற்கு மட்டுமே. அளக்கப்படுவதற்கும் காக்கப்படுவதற்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

நான்காவது, நிற்பது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் புதிய பிரிவைச் சேர்த்து, கடைப் பணியாளருக்கு உட்காரும் உரிமையைத் தந்தது தமிழ்நாடு. விழுப்புரம் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு இன்று நாற்காலி சட்டப்படி உண்டு. அச்சட்டம் அரசு நிறுவனங்களைத் தொடாததால், அரசு மருத்துவமனைத் தியேட்டரில் அடுத்தடுத்து நான்கு கேஸ் நிற்கும் நர்ஸுக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. அறுவை நடக்கும்போது உட்கார முடியாது என்பது உண்மை. இரண்டு கேஸ்களுக்கு இடையே உட்கார இடமும், நீண்ட கேஸில் ஆள் மாற்றும் ஏற்பாடும் முடியாதவை அல்ல. முதுகுவலியும் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் இப்பணியோடு ஒட்டிப்பிறந்தவை என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலையே தடை.

சட்டத்தின் இடைவெளிகள்

தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழ்வு உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் பற்றிய 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கூறியது. அந்த உரிமை அறுவை அரங்குக்குள் துண்டு துண்டாகவே வந்து சேர்கிறது.

தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனம் பொதுவாக அதன் வரையறைக்குள் வராது. சிறு நர்சிங் ஹோம் இதில் நழுவிவிடலாம். மாநில அரசு அலுவலகங்களுக்குத் தொகுப்பு பொருந்தாது. ஆனால் அங்கே ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்வோருக்குப் பொருந்தும். அரசு மருத்துவமனையும் இவ்விலக்கில் அடங்கும் என்று கொண்டால், ஒரே தியேட்டரில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, அருகில் நிற்கும் நிரந்தர நர்ஸுக்கு இராது. இந்த ஐயத்தை மாநில அரசு ஓர் ஆணையால் தீர்க்க வேண்டும்.

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, கழிவைக் கையாளும் பணியாளருக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியையும், வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனையையும் கட்டாயமாக்குகின்றன. நல்ல விதிகள். ஆயினும் உடனே அறிவிக்க வேண்டிய பெரும் விபத்துகளின் வரையறையிலிருந்து ஊசிக்குத்தை அவை விலக்கியிருக்கின்றன. அது ஆண்டறிக்கைக்குப் போனால் போதும்.

இழப்பீட்டுச் சட்டமோ வேறொன்று சொல்கிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமே, மருத்துவப் பணியில் வரும் தொற்றுநோயைத் தொழில்நோய் என்றே தன் மூன்றாம் அட்டவணையில் ஏற்றது. உரிமை ஏட்டில் உண்டு. ஆனால் ஹெபடைடிஸ் பி கல்லீரலைச் சிதைத்து வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அன்று குத்திய ஊசிக்கும் இன்று வந்த நோய்க்கும் தொடர்பு காட்ட, குத்திய நாளின் பதிவும் அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அவை இல்லாதவர் கையில் அந்த அட்டவணை வெற்றுத்தாள்.

பதிவு எதைச் சாதிக்கும்

ஜாகர் கண்ட உண்மை ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1992இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய எபினெட் என்னும் பொதுப் பதிவுப் படிவத்தால்தான், சட்டம் தியேட்டருக்குள் தோற்றது என்பது தெரிந்தது. கையுறையின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கிருமிநாசினியால் கை புண்ணாகி அவதிப்பட்ட நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்காகச் சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890 வாக்கில் குட்இயர் நிறுவனத்தில் ரப்பர் கையுறை செய்வித்தார். பின்னர் குழு முழுவதும் அதை அணியத் தொடங்கியபோது நோயாளியின் புண்ணில் சீழ் பிடிப்பதும் குறைந்தது. பணியாளர் நலனையும் நோயாளி நலனையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு என்பதற்கு ஒவ்வொரு தியேட்டரிலும் உள்ள கையுறைப் பெட்டியே சான்று.

காயங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டு மறுப்புகள் எழும். ஆள் பற்றாக்குறையில் இன்னொரு பதிவேடு சுமையாகும் என்பது முதலாவது. தனிப் பதிவேடு தேவையில்லை. நோயாளி, நோய், அறுவை, சர்ஜன், மயக்க மருத்துவர், நர்ஸ் என்று ஏற்கனவே எழுதப்படும் ஓ.டி. பதிவேட்டில், ஊசி எண்ணிக்கைக்கு அடுத்து ஒரே ஒரு கட்டம் போதும்: ‘பணியாளருக்குக் காயம் உண்டா?’

பணியாளர்களே சொல்ல முன்வரமாட்டார்கள் என்பது இரண்டாவது. இது கனமான மறுப்பு. குத்திக்கொண்டது உன் கவனக்குறைவு என்ற ஏச்சுக்கும், இரத்தப் பரிசோதனை முடிவு வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் நடுவே மௌனமே வசதி. வேலை நிலையற்றவருக்கு அது இன்னும் வசதி. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் 2015இல் அமர்த்தப்பட்ட ஒப்பந்த நர்ஸுகள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராட வேண்டியிருந்தது. வேலையே உறுதியில்லாதவரிடம் காயத்தை எழுது என்று சொல்வது எளிது. எழுதியதால் எந்தக் கெடுதலும் வராது என்ற உறுதியை முதலில் தர வேண்டியது நிர்வாகம். ஆகவே பதிவேட்டில் பெயர் வேண்டாம், பணிப்பிரிவு போதும். பெயரும் பரிசோதனை முடிவும் பூட்டிய தனிக் கோப்பில் இருக்கட்டும், சான்று வேண்டும் நாளில் பணியாளருக்குக் கிடைக்கட்டும்.

முடிவுரை

இவ்வட்டாரத்துக்கு இக்கட்டுரை முன்வைப்பவை ஐந்து. ஓ.டி. பதிவேட்டில் மேற்சொன்ன கட்டம். முண்டியம்பாக்கத்திலும் திண்டிவனத்திலும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து, அருகிலுள்ள தனியார் மருத்துவமனைப் பணியாளருக்கும் சேர்த்து. ஒப்பந்ததாரர் மாறினாலும் பணியாளரோடு செல்லும் தடுப்பூசி அட்டை. மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவைப் புதுப்பிக்கும்போது, காயப் பதிவையும் தியேட்டரின் காற்றோட்டத்தையும் கேட்பது. இவற்றின் தொகுப்பை மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை ஆண்டுதோறும் வெளியிடுவது.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. நோயாளியின் வயிற்றுக்குள் ஓர் ஊசியைக்கூட விட்டுவிடாத ஒழுங்கைத் தமிழ்நாட்டு அறுவை அரங்குகள் கற்றுக் கடைப்பிடிக்கின்றன. அதே ஒழுங்கு, அந்த ஊசியைப் பிடித்த கைக்கும் உரியது. அதைத் தொடங்கும் அதிகாரம் ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்திடமும் இன்றே இருக்கிறது. தொடங்கியதா என்று கேட்கும் கடமை மாவட்ட நலப்பணிகள் துறையுடையது.