கைம்பெண்ணும் காணியும்

கிராமத்துக் கைம்பெண்களைப் பற்றி எழுதியவர்களில் பலர், மழித்த தலையையும் பொட்டிழந்த நெற்றியையும் கண்டு உள்ளம் உருகினார்களே தவிர, பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்துக்கள் ஊர் திரும்பிய பின் அவள் உலையில் இடும் அரிசி எவர் நிலத்தில் விளைந்தது என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே. என் அபிப்பிராயத்தில் அவளுடைய சரித்திரத்தை அந்த விசாரணையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஈசுவர சந்திர வித்தியாசாகரரின் இடைவிடாத பிரயாசையால் 1856-இல் நிறைவேறிய விதவா விவாகச் சட்டம் மகத்தானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் உழைத்துப் பிழைக்கும் ஜாதிகள் பலவற்றில் கைம்பெண் மறுமணமாகிய அறுத்துக்கட்டும் வழக்கம் அதற்கு முன்பே இருந்துவந்தது. அச்சட்டத்தின் 2-ஆவது பிரிவோ, மறுமணம் செய்துகொண்டவள் முதற் கணவனின் சொத்தில் தனக்குள்ள பாத்தியதையை இழப்பாள் என்று விதித்தது.

பாகம் பிரியாத குடும்பத்தில் கணவன் பிள்ளையில்லாமல் இறந்தால், அவன் பங்கு எஞ்சிய சகோதரர்களையே சேர்ந்தது. மனைவிக்கு உரியது ஜீவனாம்சம் ஒன்றுதான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, வருஷத்துக்கு இத்தனை கலம் நெல், உடுக்க இரண்டு புடவை, ஒதுங்க ஓர் அறை என்று வரையறுப்பார்கள்; விளைச்சல் குன்றிய ஆண்டில் முதலில் குறைவது அந்தக் கலங்கள்தாம். அளக்கும் மரக்கால் கொழுந்தன் கையில் இருந்தபடியால், பதர் கலந்த நெல்லையும் அவள் வாய் திறவாமல் முந்தானையில் ஏந்திக்கொள்ள வேண்டியதாயிற்று. வழக்காடலாமென்றாலோ, முன்சீப் கோர்ட்டு தொலைவில் இருந்தது, ஸ்டாம்புக்குப் பணமும் துணைக்கு ஓர் ஆண்மகனும் வேண்டியிருந்தன. பாகம் பிரிந்த குடும்பத்தில் ஆண் சந்ததியற்றவளுக்கு நிலம் வந்ததுண்டு. எனினும் ஆயுள்வரை அநுபவிக்கலாமேயன்றி, தக்க அவசியமின்றி விற்கவோ இஷ்டப்படி எழுதிவைக்கவோ அவளுக்கு அதிகாரம் இல்லை.

1937-இல் டாக்டர் ஜி. வி. தேஷ்முக்கின் முயற்சியால் வந்த சட்டம், கணவன் பங்கில் விதவைக்கும் உரிமை உண்டு என்றது. ஆயின் விவசாய நிலத்தின் வாரிசு உரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தமையால், அச்சட்டம் வயலைத் தொடாது என்று 1941-இல் பெடரல் கோர்ட்டு அபிப்பிராயம் கூறிவிட்டது. நகரத்து வீட்டுக்காரியைக் காத்த சட்டம், வயலைத் தவிர வேறு ஆஸ்தி அறியாத கிராமத்தாளைக் கைவிட்டது எவ்வளவு வேதனைக்குரியது! சென்னை மாகாணம் அந்தக் குறையை 1947-இல்தான் தீர்த்தது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, அவளுடைய ஆயுள்கால உரிமையைப் பூரண உரிமையாக்கிற்று.

அதன் பின்னரும், மைத்துனர்கள் அவளை வண்டியேற்றி சப்-ரிஜிஸ்திரார் கச்சேரிக்கு அழைத்துப்போய், சொற்பத் தொகைக்கு விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. பிறந்த வீட்டாரின் ஆதரவிருந்து கைநாட்டிட மறுத்தவர்களோ, பட்டா தம் பெயருக்கு மாறியதும், குத்தகையைத் தாமே பேசினார்கள், மகளின் கல்யாணத்துக்கு ஒரு துண்டு நிலத்தை எவர் சம்மதமும் கேளாமல் ஈடு வைத்தார்கள்.