எண்ணிக்கை பேசும்போது: அமெரிக்கச் சமப் பாதுகாப்புச் சட்டத்தில் சான்று என்னும் சிக்கல்

1935 பிப்ரவரி. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கான புதிய கட்டடம் அப்போது முடிந்திருக்கவில்லை. வழக்குகள் கேப்பிட்டல் கட்டடத்துக்குள்ளேயே நடந்துவந்தன. அங்கே வழக்கறிஞர் சாமுவேல் லீபோவிட்ஸ், அலபாமா மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டி ஜூரிப் பதிவேட்டை நீதிபதிகள் முன் விரித்துவைத்தார். பழைய பட்டியல் முடிந்து புதியது தொடங்கும் இடங்களைக் காட்ட ஓர் எழுத்தர் அதில் சிவப்புக் கோடுகள் போட்டிருந்தார். ஆறு கறுப்பினத்தவரின் பெயர்கள் அந்தக் கோடுகளின் மேல் ஏறியிருந்தன. கோடு போட்ட பிறகு எழுதப்பட்ட பெயர்கள் அவை என்று கையெழுத்து நிபுணர் சாட்சியம் சொல்லியிருந்தார். தலைமை நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்; பிறகு பதிவேடு மற்ற நீதிபதிகளின் கைக்குப் போனது.

கறுப்பின இளைஞர்கள்மேல் தொடுக்கப்பட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த கிளாரன்ஸ் நோரிஸுக்காக நடந்த வாதம் அது. ஜூரிக்கு ஆள் எடுக்கையில் தாங்கள் இனம் பார்த்ததே இல்லை என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். ஆனால் பிறந்தது முதல் அந்தக் கவுண்டியிலேயே வாழ்ந்தவர்களின் நினைவில்கூட ஒரு கறுப்பினத்தவர் ஜூரியில் உட்கார்ந்ததில்லை. ஹியூஸின் நீதிமன்றம் அதிகாரிகளின் சொல்லைவிட இந்த உண்மையை நம்பியது. உரிமை வெளிப்படையாக மறுக்கப்பட்டதா என்பதோடு நிற்காமல், நடைமுறையில் மறுக்கப்பட்டதா என்பதையும் பார்ப்பது தன் கடமை என்று அது அறிவித்தது.

அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பு வாசகம் குறித்த வரலாறுகள் பெரும்பாலும் உரிமைகள் விரிந்த கதையாகவே எழுதப்படுகின்றன. 1896இல் இனப் பிரிவினையை ஏற்ற பிளெஸ்ஸி தீர்ப்பு, 1954இல் பள்ளிகளில் அதை முறியடித்த பிரவுன் தீர்ப்பு, பிறகு 1964இன் குடிமை உரிமைச் சட்டம் என்று படிப்படியாக ஏறும் கதை அது. அந்தக் கதை பொய்யன்று. ஆனால் அந்த வாசகத்தின் உண்மையான வலிமை வேறோர் இடத்தில் முடிவாகியிருக்கிறது. பாகுபாடு நடந்தது என்பதற்கு எதைச் சான்றாக நீதிமன்றம் ஏற்கும்? உரிமையின் அளவை நிர்ணயித்தது இந்தக் கேள்விக்கான விடைதான். 1976க்குப் பிறகு அந்த விடை சுருங்கிப்போனது என்பதும், அந்தச் சுருக்கத்துக்கு முந்தைய தீர்ப்புகளில் போதிய ஆதாரம் இல்லை என்பதும் என் வாதம்.

1868இல் ஏற்கப்பட்ட இத்திருத்தம், தன் ஆளுகைக்குட்பட்ட எந்த நபருக்கும் சட்டங்களின் சமப் பாதுகாப்பை மாநிலம் மறுக்கக் கூடாது என்கிறது. குடிமகன் என்று சொல்லாமல் ‘நபர்’ என்று சொன்னது பின்னாளில் பெரிய பயன் தந்தது. ஆனால் சான்றைப் பற்றி வாசகம் எதுவும் சொல்லவில்லை. 1880 மார்ச் 1ஆம் தேதி வந்த இரண்டு தீர்ப்புகளில் இந்த மௌனத்தின் விலை தெரிந்தது. வெள்ளை ஆண்கள் மட்டுமே ஜூரியாகலாம் என்ற மேற்கு வர்ஜீனியச் சட்டத்தை ஸ்ட்ராடர் வழக்கில் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதே நாளில் வந்த ரைவ்ஸ் வழக்கில், வர்ஜீனியச் சட்டத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. ஜூரி மட்டும் முழுக்க வெள்ளையர். வழக்கை மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றலாமா என்பதுதான் அங்கே நேரடிக் கேள்வி. என்றாலும், ஜூரியில் கறுப்பினத்தவர் இல்லை என்பது மட்டும் உரிமை மறுப்பாகாது என்ற பாடத்தை மாநிலங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டன. இனத்தின் பெயரை எழுதாமல் விட்டாலே போதும் என்று அவர்களுக்குப் புரிந்தது.

இதற்கு நேர்மாறான பாதையைத் திறந்தது 1886இன் யிக் வோ வழக்கு. செங்கல்லாலோ கல்லாலோ கட்டப்படாத கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த, நகரின் மேற்பார்வையாளர் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 1880இல் சான் பிரான்சிஸ்கோ விதித்தது. தீ விபத்துக்குப் பயந்த நகரம் போட்ட விதி என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். நகரில் இருந்த சுமார் 320 சலவைக்கூடங்களில் 310 மரத்தாலானவை, 240 சீனர்களுடையவை. அனுமதி கேட்ட சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுப்பு. சீனரல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அனுமதி. மனுதாரர் ஒரே கட்டடத்தில் 22 ஆண்டுகள் தொழில் செய்தவர். தீயணைப்பு அதிகாரிகளும் சுகாதார அதிகாரியும் அவருடைய கூடத்தைச் சோதித்துச் சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். அப்படியும் அவருக்கு 10 டாலர் அபராதம்; கட்டாததற்குச் சிறை.

நீதிபதி ஸ்டான்லி மேத்யூஸ் எழுதிய ஒருமனதான தீர்ப்பு, சட்டம் பார்வைக்கு நடுநிலையாக இருந்தாலும் அதைச் செயல்படுத்துகிற கை ஓரவஞ்சனை செய்தால் அது சமப் பாதுகாப்பு மறுப்பே என்றது. குழு உறுப்பினர் ஒருவரைக்கூடக் கூண்டில் ஏற்றி, ‘உங்கள் மனதில் என்ன இருந்தது’ என்று நீதிமன்றம் கேட்கவில்லை. எண்ணிக்கைக்கு விளக்கம் கேட்டது, விளக்கம் வரவில்லை, பகைமையே காரணம் என்ற முடிவுக்கு வந்தது. (இந்திய அரசமைப்பின் 14ஆம் பிரிவிலும் இதே வாசகம் இருப்பதால், 1952இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கை விசாரித்தபோது நம் உச்ச நீதிமன்றமும் யிக் வோவை எடுத்துப் பேசியது.)

யிக் வோ இனப் பாகுபாட்டு வழக்கே அல்ல, தொழில் உரிமையையும் சீனாவுடனான ஒப்பந்தத்தையும் காத்த வழக்கு என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. ஆனால் என் கேள்வி அந்தத் தீர்ப்பு எந்த உரிமையைக் காத்தது என்பதன்று. எப்படிக் கண்டுபிடித்தது என்பது. அந்த முறை எல்லா வகை உரிமைக்கும் பொதுவானது.

பொதுவானது என்பதை நீதிமன்றமே பிறகு மறந்ததுதான் கொடுமை. மிசிசிப்பியின் வாக்குவரியும் எழுத்தறிவுச் சோதனையும் 1898இன் வில்லியம்ஸ் வழக்கில் எதிர்க்கப்பட்டபோது, தீமை செய்ய வாய்ப்பு இருப்பது காட்டப்பட்டதே தவிர, செய்யப்பட்டது காட்டப்படவில்லை என்று நீதிபதி ஜோசஃப் மெக்கென்னா யிக் வோவை ஒதுக்கிவைத்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தெற்கில் கறுப்பினத்தவர் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றதில் இந்த வரிக்குப் பங்கு உண்டு.

நோரிஸ் தீர்ப்பு யிக் வோவை மீட்டது. பிரவுன் தீர்ப்புக்கு இரண்டே வாரம் முன்பு, 1954 மே 3ஆம் தேதி வந்த ஹெர்னாண்டஸ் வழக்கு அந்த முறையை இன்னும் விரித்தது. டெக்சஸிலும் ஒரு ஜாக்சன் கவுண்டி உண்டு. அங்கே மக்கள்தொகையில் 14 சதவீதம் மெக்சிகோ வழியினர். 25 ஆண்டுகளாக அவர்களில் ஒருவர்கூட ஜூரியில் இல்லை. அவர்களும் வெள்ளையரே, ஆகவே பாகுபாட்டுக்கே இடமில்லை என்றது மாநிலம். விசாரணை நடந்த அதே நீதிமன்றக் கட்டடத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் பலகை இல்லை. மற்றொன்றில் கறுப்பின ஆண்களுக்கு என்று ஆங்கிலத்திலும், அதற்குக் கீழே ‘ஆண்கள் இங்கே’ என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. நீதிமன்றம் அந்தப் பலகையையும் சான்றாக எடுத்துக்கொண்டது.

திருப்பம் வந்தது 1976இல், வாஷிங்டன் எதிர் டேவிஸ் வழக்கில். தலைநகரக் காவல்துறையின் சொல்லாற்றல் தேர்வில் கறுப்பினத்தவர் வெள்ளையரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தோற்றார்கள். விளைவு மட்டும் போதாது, பாகுபாட்டு நோக்கம் நிறுவப்பட வேண்டும் என்றார் நீதிபதி பைரன் வைட். மூன்றாண்டு கழித்து ஃபீனி வழக்கில் ‘நோக்கம்’ என்ற சொல் மேலும் குறுகியது. தீங்கு வரும் என்று அறிந்து செய்தால் போதாது. அந்தத் தீங்குக்காகவே செய்திருக்க வேண்டும்.

வைட்டின் கவலை அற்பமானதன்று. விளைவே போதும் என்றால் வரி, நலத்திட்டம், உரிமம் என்று ஏழையைக் கூடுதலாக அழுத்தும் சட்டங்கள் எல்லாமே ஆட்டம் காணும் என்றார். ஆனால் யிக் வோவோ நோரிஸோ விளைவை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதவில்லை. எண்ணிக்கை வந்ததும் விளக்கம் சொல்லும் பொறுப்பை அரசின் தோளில் வைத்தன, அவ்வளவே. நல்ல காரணம் இருந்தால் சொல்லலாம். 1964 சட்டத்தின் கீழ் 1971இல் வந்த கிரிக்ஸ் தீர்ப்பும் தனியார் முதலாளியிடம் இதையே கேட்டது: இந்தத் தேர்வுக்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு, காட்டு. ஒரு மின்சாரக் கம்பெனியால் தாங்க முடிந்த கேள்வியை அரசால் தாங்க முடியாது என்பது எனக்கு ஏற்கும்படியாக இல்லை.

நோக்கக் கோட்பாட்டின் முழு உருவத்தை 1987இன் மெக்லெஸ்கி வழக்கில்தான் பார்க்கிறோம். ஜார்ஜியாவில் 1970களின் 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை டேவிட் பால்டஸ் குழு அலசியது. மற்றக் காரணிகளைக் கழித்த பிறகும், கொல்லப்பட்டவர் வெள்ளையரானால் மரண தண்டனைக்கான வாய்ப்பு 4.3 மடங்கு. ஆய்வு சரியானதே என்று வைத்துக்கொண்டுதான் நீதிபதி லூயிஸ் பவல் எழுதினார். இருந்தும், மரண தண்டனை பெற்ற கறுப்பினத்தவரான மெக்லெஸ்கியின் வழக்கை முடிவுசெய்தவர்கள் அவர்மேல் பாகுபாட்டு நோக்கம் கொண்டிருந்தார்கள் என்று அவரே நிறுவ வேண்டும் என்றார். அதே தீர்ப்பு, அரசு வழக்கறிஞர் தம் முடிவுக்கு விளக்கம் தரத் தேவையில்லை என்றும், ஜூரியை விசாரிக்க முடியாது என்றும் சொல்கிறது. பூட்டையும் போட்டுவிட்டுச் சாவி இருக்கும் இடத்துக்குப் போகும் வழியையும் அடைத்த கதை இது. 5க்கு 4 என்ற அந்தத் தீர்ப்பில் தம் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புவதாக, ஓய்வுபெற்ற பின் பவல் தம் வரலாற்றை எழுதியவரிடம் சொன்னார். மெக்லெஸ்கிக்கு 1991 செப்டம்பரில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இதே காலத்தில் தராசின் மறுதட்டு வேறுவிதமாகச் சாய்ந்தது. பழைய அநீதியை ஈடுசெய்யவோ வேறு நல்ல நோக்கத்துக்காகவோ இனத்தைக் கணக்கில் எடுத்தால் மிகக் கடுமையான சோதனை. 1989இல் ரிச்மண்ட் நகரின் 30 சதவீத ஒப்பந்த ஒதுக்கீடும், 2023இல் ஹார்வர்டின் மாணவர் சேர்க்கை முறையும் அதில் விழுந்தன. காகிதத்தில் இனம் எழுதியிருந்தால் நீதிமன்றம் உடனே பார்க்கிறது. சிறையில், தூக்குமேடையில், ஊர் எல்லையில் இனம் எழுதியிருந்தால் படிக்க மறுக்கிறது. 1880இன் அந்த ஒரே நாளின் இரண்டு தீர்ப்புகள் மீண்டும் வந்துவிட்டதாகவே இதை நான் படிக்கிறேன்.

ஆயினும் பழைய முறை செத்துப்போகவில்லை. ஜூரித் தேர்வில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்பவரை ஒரே குற்றத்துக்காக ஆறு முறை விசாரித்தபோது, ஜூரிக்கு வந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. 2019இல் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணிக்கையையும் முதன்மைச் சான்றுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டு தண்டனையை ரத்துசெய்தது.

மெக்லெஸ்கி தீர்ப்பே, இத்தகைய புள்ளிவிவரங்களைச் சட்டமன்றங்களிடம் கொண்டுபோங்கள் என்று கைகாட்டியது. வட கரோலினா 2009இல் அப்படி ஒரு சட்டம் இயற்றி 2013இல் திரும்பப் பெற்றது. கலிஃபோர்னியா 2020இல் இயற்றிய இன நீதிச் சட்டம் நிலைத்திருக்கிறது. அதன்படி குற்றம் சாட்டப்பட்டவர் எவருடைய மனத்தையும் நிறுவ வேண்டியதில்லை. ஒத்த வழக்குகளின் புள்ளிவிவரத்தைக் கொண்டுவரலாம். பழைய தண்டனைகளுக்கும் அது படிப்படியாகப் பொருந்தும்படி 2022இல் விரிவாக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் சலவைக்கூடக் கணக்கை உச்ச நீதிமன்றம் கேட்டு 134 ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தின் சட்டமன்றம் அந்தக் கணக்கைக் கேட்கும் கடமையைத் தன் நீதிபதிகள்மேல் எழுதிவைத்தது.